நாடிக்குள் நடந்துபோன வேட்டைப்பல்

கேள்வி: டொக்டர், நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது. கீழே இடப்பக்கம் ஒரு பாற்பல் இன்னும் விழவில்லை. பள்ளிக்கூடத்தில் பல் பார்த்தவர்கள் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். முழுத் தாடையும் தெரிகிற படம் எடுத்தோம். வரவேண்டிய வேட்டைப்பல் நாடி எலும்புக்குள் படுத்தபடி வலப்பக்கம் போய்விட்டதாம். ஒரு டொக்டர் உடனே எடுக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்கிறார். றிப்போர்ட்டில் 33 என்று எழுதியிருக்கிறது, பிள்ளைக்கு ஒரு பல் கூடவா? இது கட்டியா? கம்பி போட்டு இழுத்துக் கொண்டுவர முடியாதா? ஏழு வயதில் சைக்கிளில் விழுந்து நாடி வெடித்துத் தையல் போட்டோம், அதனாலா? பாற்பல்லை அப்போதே பிடுங்காமல் விட்டது என் பிழை என்று அம்மம்மா சொல்கிறா. படத்தைப் போனில் எடுத்து அனுப்புகிறேன். எட்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறான், அவனுக்கும் வருமா? மகளும் ஒன்று கேட்கச் சொன்னாள்: பல் இவ்வளவு தூரம் போகும்போது எனக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை?

பதில்: அம்மா, முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். இது புற்றுநோய் இல்லை, கட்டியும் இல்லை. பிள்ளைக்கு ஒரு பல் கூடவும் இல்லை. 33 என்பது எண்ணிக்கை அல்ல, விலாசம். வாயை நான்கு கால்பகுதியாகப் பிரித்து, கீழ் இடப்பக்கத்துக்கு 3 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறோம். நடுவிலிருந்து எண்ணி வந்தால் வேட்டைப்பல் மூன்றாவது. ஆகவே 33, 'முப்பத்து மூன்று' அல்ல, 'மூன்று மூன்று'. அதே றிப்போர்ட்டில் 73 என்றும் இருக்கும் பாருங்கள். அதுதான் விழாமல் நிற்கிற அந்தப் பாற்பல்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியின் நிழல் விழுந்திருந்தாலும் வேண்டியது தெரிகிறது. நீங்கள் குழம்பக்கூடிய ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தைப் பார்க்கும்போது பிள்ளை உங்களுக்கு எதிரே நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அவளுடைய இடப்பக்கம் படத்தில் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். அங்கே கட்டையான வேரோடு ஒரு சின்னப் பல் நிற்கிறதே, அது பாற்பல். அதற்குக் கீழே நிமிர்ந்து நிற்க வேண்டிய வேட்டைப்பல்லைக் காணவில்லை. கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால், நான்கு வெட்டும் பற்களின் வேர்களுக்கும் அடியில், நாடி எலும்பின் கீழ் விளிம்புக்குக் கிட்ட, கரையில் இழுத்துச் சாய்த்துவிட்ட வள்ளம் மாதிரி அது படுத்திருக்கிறது. வேரின் நுனி இடப்பக்கமே இருக்கிறது. முடி, அதாவது பல்லின் தலைப்பகுதி, நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்க இரண்டாவது வெட்டும் பல்லுக்கு நேர் கீழே வந்துவிட்டது.

முளைக்காமல் எலும்புக்குள் தங்கிவிடுகிற பற்கள் பல உண்டு. ஞானப்பல் அதில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் எலும்புக்குள்ளேயே நகர்ந்து, நடுக்கோட்டைத் தாண்டி மற்றப் பக்கம் போகிற பழக்கம் கீழ்வேட்டைப்பல்லுக்குத்தான் இருக்கிறது. மேல்தாடையில் அது மிக அரிது. இதை இடம்பெயர்ந்த பல் என்று சொல்லலாம். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பாரம் உண்டு என்பது தெரியும், இருந்தாலும் நடந்திருப்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வெவ்வேறு நாடுகளில் எக்ஸ்ரே படங்களை எண்ணிப் பார்த்தவர்கள் ஆயிரம் பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை என்கிறார்கள். பெண்பிள்ளைகளில் கொஞ்சம் கூடுதல். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான்.

முப்பராப்பு என்ற ஆய்வாளர் 2002இல் இவற்றை ஐந்து வகையாகப் பிரித்தார். சரிவாகச் சாய்ந்து, முன்பற்களின் வேர்களுக்கு முன்னாலோ பின்னாலோ தலையை நீட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டுவது முதல் வகை. அதுதான் அதிகம் காணப்படுவது. வேர்களுக்கும் கீழே, தாடையின் அடிவிளிம்பருகே படுத்துவிடுவது இரண்டாம் வகை. உங்கள் மகளுடையது இந்த இரண்டாம் வகை என்றே எனக்குத் தெரிகிறது. வகையைச் சொல்வது படிப்பைக் காட்ட அல்ல. கம்பி போட்டு இழுக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

அதற்கு முன் அம்மம்மாவின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன், உங்களை அதுதான் அதிகம் வாட்டுகிறது என்று கடிதத்தில் தெரிகிறது. பாற்பல் எப்படி விழுகிறது? கீழிருந்து வருகிற நிலையான பல் மேலே உள்ள பாற்பல்லின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. வேர் போனதும் பல் ஆடி விழுகிறது. உங்கள் மகளுக்குக் கீழிருந்து வரவேண்டியவர் வேறு வழியால் போய்விட்டார். ஆகவே பாற்பல்லை அசைக்க யாருமில்லை, அது நிற்கிறது. அநேகமாக இங்கே பாற்பல் நிற்பது விளைவுதானே தவிர காரணம் அல்ல. எட்டு, ஒன்பது வயதில் ஒரு படம் எடுத்து, பல் இலேசாகச் சாய்வதைக் கண்டு, பாற்பல்லைக் கழற்றி வழிவிட்டிருந்தால் சில பிள்ளைகளுக்கு அது உதவும் என்பது உண்மை. ஆனால் நோவோ வீக்கமோ இல்லாத எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் எக்ஸ்ரே எடுப்பார்கள்? நானும் எடுத்திருக்க மாட்டேன். இது உங்கள் பிழை இல்லை அம்மா. அம்மம்மாவுக்கு இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

சைக்கிள் விழுகையைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஏழு வயது என்பது கீழ்வேட்டைப்பல்லின் முடி உருவாகி முடிந்து, வேர் வளரத் தொடங்குகிற காலம். நாடியில் பலமான அடி பட்டால் பல்முளை திசைமாறலாம் என்று பாடப்புத்தகங்களில் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். வழியில் சிறு கட்டி, நீர்ப்பை, இடநெருக்கம், பல்முளை தொடக்கத்திலேயே தவறான இடத்தில் அமைவது எல்லாம் அதே பட்டியலில் வரும். ஆனால் இப்படியான பல் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோர் எங்கும் விழுந்தவர்கள் அல்ல, விழுந்து நாடி வெடித்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இப்படி வருவதும் இல்லை. இனிப்புச் சாப்பிட்டதாலோ, விரல் சூப்பியதாலோ வருவது இல்லவே இல்லை.

சரி, ஏன் வேட்டைப்பல் மட்டும்? அதன் முளை தாடையின் அடிவிளிம்புக்கு மிகக் கிட்ட, ஆழத்தில் உருவாகிறது. வெளியே வர மற்ற முன்பற்களைவிட நீண்ட வழி வர வேண்டும். முடியும் வேரும் கூம்பு வடிவம். கூரான ஒன்று எலும்புக்குள் தலை திரும்பிவிட்டால் எதிர்ப்புக் குறைந்த பக்கமாக வழுக்கிக்கொண்டு போவது எளிது. கீழ்த்தாடை பிறக்கும்போது இரண்டு துண்டாக இருந்து முதல் வருடத்திலேயே நடுவில் ஒட்டி ஒரே எலும்பாகிவிடுகிறது. ஆகவே நடுக்கோடு என்பது எங்கள் கண்ணுக்குத்தான், அந்தப் பல்லுக்கு அங்கே வேலி எதுவும் இல்லை.

இப்போது கம்பி. 1976இல் ஹவார்ட் என்பவர் பல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை நடுக்கோட்டோடு ஒப்பிட்டு அளந்து பார்த்தார். 25 முதல் 30 பாகை வரை சாய்ந்தவை தாண்டிப் போகவில்லை. 30க்கும் 50க்கும் இடையில் உள்ளவை தாண்டப் பார்க்கும். 50க்கு மேல் என்றால் தாண்டுவதே வழக்கம். பிள்ளைகளின் பாகைமானியைப் படத்தின்மேல் வைத்தே இதைப் பார்க்கலாம், நானும் அப்படித்தான் செய்வேன். உங்கள் மகளின் பல் ஏறக்குறையப் படுத்தே விட்டது. அதைத் திரும்ப இழுப்பதென்றால் நான்கு வெட்டும் பற்களின் வேர்களுக்கு அடியால் பின்னோக்கி இழுத்து, பிறகு நிமிர்த்தி, மேலே கொண்டுவர வேண்டும். முடி இவ்வளவு தூரம் போன பிறகு கம்பி பிடித்து இழுக்க நேரான பாதை கிடைப்பதில்லை. முயன்றால் நல்ல முன்பற்களின் வேர்களை இழக்க நேரிடலாம். இதே பல் 40 பாகையில், முடி பக்கத்துப் பல்லின் வேரைத் தாண்டாமல் நின்றிருந்தால் 'உடனே பல் சீரமைப்பு நிபுணரிடம் ஓடுங்கள்' என்று எழுதியிருப்பேன். இப்போது அந்த வாசல் மூடிவிட்டது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் அவர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். போன் படத்தை வைத்துக்கொண்டு கடைசி வார்த்தை சொல்ல நான் துணிய மாட்டேன்.

எடுப்பதா, விடுவதா? இரண்டு டொக்டர்மார் இரண்டு விதமாகச் சொன்னதால் ஒருவருக்குத் தெரியாது என்று எண்ண வேண்டாம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எடுக்கச் சொல்பவர் நாளைக்கு வரக்கூடியதை நினைக்கிறார். புதைந்த பல்லின் முடியைச் சுற்றி ஒரு மெல்லிய பை இருக்கும். படத்தில் அது கறுப்பு வளையமாகத் தெரியும், சாதாரணமாக 2, 3 மில்லிமீற்றர் அகலம். அதில் நீர் சேர்ந்தால் நீர்ப்பையாகிப் பெருத்து எலும்பைக் கரைக்கலாம். பக்கத்து வேர்களும் சிலருக்குக் கரையும். விடச் சொல்பவர் இன்றைக்கு ஒன்றும் இல்லையே என்று பார்க்கிறார். எலும்பின் ஆழத்திலிருந்து ஒரு பல்லை வெட்டி எடுப்பது 13 வயதுப் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். கிண்ணியாவிலிருந்து 52 வயதில் ஒரு மீனவர் கொடுப்புப்பல் நோவுக்கு வந்தார். முழுத் தாடைப் படம் எடுத்தால், நாடிக்குள் ஒரு வேட்டைப்பல் படுத்திருக்கிறது. சுற்றி வளையம் மெல்லியது, வேர்கள் எல்லாம் நலம். நாற்பது வருடமாவது அது அங்கே சத்தமில்லாமல் இருந்திருக்க வேண்டும். அதை நாங்கள் தொடவில்லை. கொடுப்புப்பல்லுக்கு வைத்தியம் செய்து அனுப்பினோம். ஆனால் 52 வயதுக்காரரின் பல் நின்றுவிட்ட பல். உங்கள் மகளுக்கு வேர் முடியும் வயது 12க்கும் 14க்கும் இடையில்தான், அவளுடையது இன்னும் கொஞ்சம் நகரலாம். ஆகவே அவருக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொல்ல மாட்டேன்.

என் எண்ணம் இதுதான். நாளைக்கே எடுக்க அவசரமில்லை, ஆனால் மறந்துவிடவும் கூடாது. ஆறு மாதம் கழித்து இதேபோல இன்னொரு படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதிர்வீச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். நாம் சும்மா இருக்கும்போதே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாட்களில் நம்மேல் படுகிற அளவுதான் ஒரு படத்துக்கு. பல் இருந்த இடத்திலேயே இருந்து, வளையமும் மெல்லியதாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இன்னும் நகர்ந்திருந்தால், வளையம் தடித்திருந்தால், முன்பல்லின் வேர் ஒன்று மழுங்கத் தொடங்கியிருந்தால் எடுத்துவிடுவது நல்லது. முன்பற்களுக்குக் கம்பி போடுகிற திட்டம் இருந்தாலும் முதலில் எடுக்க வேண்டி வரலாம், ஏனென்றால் நகர்த்தப்போகிற வேர்களுக்கு நேர் கீழே அது தடையாகக் கிடக்கிறது. இடையில் நாடி வீங்கினால், முன்பல் ஒன்று ஆடினால் அல்லது திடீரெனச் சரிந்தால், முரசிலிருந்து சீழ் வந்தால், கீழ் உதடு மரத்துப்போனால் ஆறு மாதம் பார்த்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

எடுப்பதென்று முடிவானால், கீழ் உதட்டின் உட்பக்கத்தால்தான் திறப்பார்கள். முகத்தில் தழும்பு வராது. இந்த வயதில் மயக்கமருந்து கொடுத்துச் செய்வதையே பலரும் விரும்புவார்கள். நாடி மூன்று நான்கு நாள் வீங்கியிருக்கும், கஞ்சியும் குழைத்த சோறும் போதும். நாடியில் கொஞ்ச நாள் மரமரப்பு இருக்கலாம், பெரும்பாலும் திரும்பிவிடும். அதற்கு முன் பல் எந்த வேருக்கு முன்னால், எதற்குப் பின்னால் என்பதை முப்பரிமாணத்தில் காட்டுகிற ஸ்கேன் ஒன்று வேண்டிவரும். வெறுமனே கவனித்துக்கொண்டிருக்க அது தேவையில்லை, இப்போதே காசு செலவழிக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். படித்து முடித்து வந்த புதிதில், வேறொரு ஊரில், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போன இப்படியான ஒரு பல்லை விறைப்பூசி போட்டு எடுக்க உதவிக்கு நின்றேன். பல் வலப்பக்கம் கிடந்ததால் ஊசியை வலப்பக்கம் போட்டோம். உதடும் முரசும் நன்றாக மரத்துவிட்டன, எலும்பைத் திறக்கும் வரை அந்தப் பையன் அமைதியாக இருந்தான். பல்லைத் தொட்டதும் கையைத் தூக்கிவிட்டான், கண்ணோரம் நீர். அப்போதுதான் மூத்தவர் இடப்பக்கமும் ஊசி போடச் சொன்னார், இரண்டு நிமிடத்தில் நோவு போய்விட்டது. பல் எவ்வளவு தூரம் போனாலும் அதன் நரம்பு பிறந்த பக்கத்திலிருந்துதான் வருகிறது. அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே விறைப்பூசியோடு செய்வதென்றால், 'இது இடப்பக்கத்துப் பல்' என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டொக்டருக்குத் தெரிந்திருக்கும், என்றாலும் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

பாற்பல்லை இப்போது பிடுங்க விடாதீர்கள். படத்தில் அதன் வேர் பாதிக்கு மேல் இருக்கிறது, சூத்தையும் தெரியவில்லை. நன்றாகத் துலக்கிப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வயது வரைகூட நிற்கும் பாற்பற்கள் உண்டு. பிடுங்கினால் அந்த இடைவெளியில் பக்கத்துப் பற்கள் சரியும். செயற்கை வேர் வைத்துப் பல் கட்டுவதென்றால் தாடை வளர்ந்து முடியும் வரை பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒருநாள் அது விழுந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே போவது? திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் முதலில் காட்டுங்கள். காசு தேவையில்லை. பல் சீரமைப்பு நிபுணர், வாய் முகச் சத்திரசிகிச்சை நிபுணர் இருவரும் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று நேரடியாகவே கேளுங்கள். தேவைப்பட்டால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். போகும்போது போனில் உள்ள படத்தை அல்ல, அசல் படத்தைக் கொண்டுபோங்கள், மடிக்காமல். பின்னால் எடுக்கிற படங்களோடு ஒப்பிட அது வேண்டும், பத்து வருடமானாலும் எறிய வேண்டாம். பல்லுக்கு மட்டும் எடுக்கிற சின்ன எக்ஸ்ரேயை நம்பிவிட வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவு கீழே படுத்திருக்கிற பல் அந்தச் சின்னப் படத்துக்குள் விழாது, 'பல்லே உருவாகவில்லை' என்று முடிவு கட்டிவிட நேரும். பள்ளிக்கூடத்தில் பார்த்தவர் முழுத் தாடைப் படம் எடுக்கச் சொன்னது மிகச் சரியான வேலை. அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

இளையவனுக்கு வரவேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் எட்டு வயதுதான் பார்க்கத் தொடங்கச் சரியான வயது. கீழ்வேட்டைப்பல் பெரும்பாலும் ஒன்பது, பத்தில் முளைக்கும், ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பிந்தும். கையைக் கழுவிவிட்டு, கீழ் உதட்டை இழுத்து, பாற்பல்லுக்குக் கீழே முரசின் வெளிப்பக்கம் சுட்டுவிரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பல் வர ஒரு வருடம் இருக்கும்போதே அங்கே ஒரு சின்ன மேடு தட்டுப்படும். இரண்டு பக்கமும் தட்டுப்பட்டால் கவலை இல்லை. ஒரு பக்கம் பல் வந்து ஆறு மாதமாகியும் மற்றப் பக்கம் அசையாமல் நின்றால் ஒரு முழுத் தாடைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அக்காவுக்கு மூடிய வாசல் அவனுக்கு அப்போது திறந்தே இருக்கும்.

கடைசியாக, மகளின் கேள்வி. தங்கச்சி, உன் வாயில் இப்போது இருக்கிற நிலையான பற்கள் எல்லாமே எலும்புக்குள்ளால் நடந்துதான் வந்தன. அவை வந்ததும் உனக்குத் தெரியவில்லைதானே? பல்லின் தலைக்கு முன்னால் எலும்பைக் கரைக்கும் செல்கள் வழி வெட்டுகின்றன, பின்னால் எலும்பைக் கட்டும் செல்கள் வந்த வழியை மூடிவிடுகின்றன. ஒரு மில்லிமீற்றர் நகர வாரக்கணக்கில் ஆகலாம், சிலவேளை மாதக்கணக்கிலும் ஆகலாம். அந்த வேகத்தில் நரம்பும் இரத்தக்குழாயும் அறுபடாமல் பல்லோடு சேர்ந்து நீண்டுகொண்டே வருகின்றன. இழுபடாததால் நோகவில்லை. உன் பல்லும் மற்றப் பற்கள் செய்ததையேதான் செய்தது, திசைதான் வேறு. அது ஏன் அந்தத் திசையைப் பிடித்தது என்பதை எங்களால் இன்னும் சரியாகச் சொல்ல முடியவில்லை. வைத்தியசாலையில் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது நீ வெளியே பெஞ்சில் இருக்க வேண்டாம். அம்மாவோடு உள்ளே போய் நின்று, அந்தப் பல்லைக் காட்டச் சொல்லிப் பார்.